எண்களே இல்லாத கடிகாரம்

பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை நம்புவார்கள். அவள் மூக்கை நம்பினாள். ஒரு மேசையைப் பார்த்தால் இழுப்பறையைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு முகர்வாள். புது மரத்தில் தேயிலைத் தண்ணீரைப் பூசிப் பழையது என்று விற்பவர்கள் சந்தையில் உண்டு. அவள் தலை இழுப்பறைக்குள் போவதைக் கண்டாலே அவர்கள் தானாகவே விலையைக் குறைப்பார்கள். அதனால் அவளுக்கு மோப்பம் என்று பெயர் விழுந்தது. நேரில் கூப்பிடும்போது மரியாதைக்காக ஓர் 'அக்கா'வைச் சேர்த்துக்கொள்வார்கள்.

மற்ற நாட்களில் அவள் ஒரு சலவைக் கடையில் கறை எடுக்கும் வேலை பார்த்தாள். கடையின் பின்பக்கம், ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு மேசை. அதன் மேல் ஒரு வெள்ளைப் பலகை, பல் துலக்குவது போன்ற சின்னப் பிரஷ்கள், வரிசையாகப் புட்டிகள். மை, துரு, கிரீஸ், ரத்தம், உதட்டுச் சாயம் என்று எது வந்தாலும் அவளிடம்தான் வரும். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. அதனால் அழுக்கு என்று எதைக் கண்டாலும் கை தானாகப் புட்டியைத் தேடும். பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காலரைப் பார்த்தால்கூட அவளால் சும்மா உட்கார முடியாது.

பழைய சாமான் பைத்தியம் பிடித்தது ஒரு மேசை விளக்கால். புதிதாகக் குடித்தனம் போன வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று யாரோ காலி செய்த வீட்டிலிருந்து அதை மலிவாக வாங்கி வந்தாள். துடைப்பதற்காகக் கவிழ்த்தபோது அடியில் ஆணியால் கீறியிருந்தது: 'இடது பக்கம் தொடாதே'. ஏன் என்று பார்க்க அவள் இடது பக்கத்தைத் தொட்டாள். ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டே, இதை எழுதியவர் எத்தனை முறை அடி வாங்கிய பிறகு எழுதியிருப்பார், யாருக்காக எழுதியிருப்பார் என்று யோசித்தாள். அந்த யோசனை நிற்கவே இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சாமானைக் கண்டாலும் முகர்வது, கவிழ்ப்பது, அடியில் பார்ப்பது என்று ஆகிவிட்டது. வாங்கி விற்று லாபம் பார்க்க அவளுக்குத் தெரியாது. ஒரு பொருள் எதற்காக இருந்தது, யார் கையில் இருந்தது என்று தெரிந்தால் போதும். அன்று சாப்பாடு நன்றாக இறங்கும்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். "நம்ம வீட்டுல நாம ரெண்டு பேருந்தான் குடக்கூலிக்கு இருக்கோம். மத்தவங்கல்லாம் சொந்த வீட்டுக்காரங்க," என்று அலமாரிகளைக் காட்டி வருகிறவர்களிடம் சொல்வார். ஆனால் சனிக்கிழமை காலையில் வேனை எடுத்து முதலில் வாசலில் நிற்பவரும் அவர்தான்.

வீட்டுச் சாமான் விற்பனைக்கு என்று ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் இறந்தோ இடம் மாறியோ போனபின், வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் விற்றுவிட முடிவு செய்தால் வாசலில் ஓர் அட்டையைக் கட்டுவார்கள். கதவு திறந்ததும் எல்லோரும் உள்ளே பாய்வார்கள். ஆனால் அடித்துக்கொள்ள மாட்டார்கள். பிடித்ததைக் கண்டால் அதன் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். திரும்பி வந்து காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சிலர் வண்ணத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவார்கள். சிலர் சாக்கட்டியால் வைப்பார்கள். கைப்பையில் இருக்கும் உதட்டுச் சாயத்தையே தொட்டு வைக்கும் ஓர் அம்மாள்கூட உண்டு. அடுத்தவர் புள்ளி வைத்த சாமானைத் தொடுவது அந்தக் கூட்டத்தில் பெரிய கேவலம். அடுத்தவர் தட்டில் கை வைத்தது மாதிரி.

இதற்கு அடங்காதவர் தாடி ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரேடியோவும் கடிகாரமும் விற்பவர். "புள்ளியா? எங்க? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே மூட்டை கட்டிவிடுவார். ஆனால் தொழில் தெரிந்தவர். மோப்பத்திடம் ஒன்றே ஒன்றைத்தான் ஓயாமல் சொல்வார்: "வாங்கினதைக் கழுவாத. அழுக்குன்னு நீ நினைக்கிறதுதான் அதோட விஷயமே." அவளும் தலையாட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் போனது ஒரு சின்ன வீட்டுக்கு. முன்னறை, படுக்கையறை, சமையலறை, பின்னால் ஒரு முற்றம். அந்த வீட்டு அம்மாள் இறந்து சில வாரம் ஆகியிருந்தது. விற்பனையைக் கவனித்தது அவருடைய மகள்.

"வாங்கக்கா, எல்லாம் விக்கிறதுதான். அந்த நாற்காலியும் அதுல இருக்கிறவரும் மட்டும் இல்ல," என்றாள் மகள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் முகம் தூங்கிப் பல நாள் ஆன முகமாக இருந்தது.

முன்னறை ஜன்னலோரம், நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வீடு முழுக்க அந்நியர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. இடது கை விரல் ஒன்று நாற்காலியின் கைப்பிடியில் வட்டமாகச் சுற்றியது, ஓரிடத்தில் நின்றது, தட்டியது. மறுபடி சுற்றியது.

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுலேர்ந்து பேச்சு இல்ல. எழுத வராது, எழுதிக் காட்டினா படிக்கவும் வராது," என்றாள் மகள். "ஆமான்னாலும் தலையாட்டுறார், இல்லன்னாலும் அதே மாதிரிதான் ஆட்டுறார். தண்ணி கொடுத்தா தள்ளி விடுறார். அப்புறம் பார்த்தா உதடு காஞ்சு கிடக்கு. அம்மா எப்படித்தான் சமாளிச்சாங்களோ."

"அந்த விரலு?"

"அது நோயோட சேர்ந்ததுன்னு நினைக்கிறேன். நாள் பூரா அப்படித்தான்."

"உங்ககூடக் கூட்டிட்டுப் போறீங்களா?"

மகள் ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைத்தாள்.

"அதுக்குத்தான் வந்தேன். எங்க வீட்டுல ஒரு ரூமை ஒழிச்சு, வெளிச்சமா இருக்கணும்னு திரைகூட மாத்தினேன். ஆனா இந்தக் கொஞ்ச நாள்லயே பயந்துட்டேன்க்கா. அவருக்கு வலிக்குதா, பசிக்குதா, எம்மேல கோவமா, ஒண்ணும் தெரியல. திங்கக்கிழமை முதியோர் இல்லத்து வண்டி வருது. அங்க நர்ஸுங்க இருக்காங்க. கொஞ்சமாவது புரிஞ்சா நான் ஏன் அனுப்பப்போறேன்?"

மோப்பம் உள்ளே போனாள்.

சமையலறையில் நல்ல கண்ணாடிக் குடுவை ஒன்று இருந்தது, கைப்பிடியில் நீலப் புள்ளியோடு. சரி, யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். கதவு மூலையில் மரப்பிடிக் குடை, அதில் பச்சைப் புள்ளி. படுக்கையறையில் கட்டம் போட்ட கம்பளிப் போர்வை. மூலையில் தைத்திருந்த பட்டையில் மஞ்சள் புள்ளி. அவளைப் போலவே மற்றவர்களும் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு நகர்ந்தார்கள்.

சமையலறை இழுப்பறை ஒன்று மட்டும் இறுக்கமாக மூடியிருந்தது. இழுத்துத் திறந்து, தலையை விட்டாள். பழைய மரவாசனை, அதற்குள் மெல்லிய இனிப்பாக வேறு ஏதோ ஒன்று. கரண்டிகளுக்கு அடியில் ஒரு மரவட்டம் கிடந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவில். நடுவில் ஒரு கடிகாரத்தின் பித்தளை முள். விரலால் தள்ளினால் சுற்றியது. விட்டால் விட்ட இடத்தில் நின்றது. பின்னால் திருப்பினாள். இயந்திரம் இல்லை, அது வைக்க இடமும் இல்லை. முன்னால் எண்களும் இல்லை. ஓரத்தில் மட்டும் அங்கங்கே வண்ண வண்ணமாகப் பொட்டுகள்.

இது என்ன? அவள் பொருள்களிடம் கேட்கும் அந்தக் கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது.

"இது என்னம்மா?" என்று வட்டத்தை மகளிடம் காட்டினாள்.

"ஏதோ உடைஞ்ச கடிகாரம்போல. அம்மா போன அன்னிக்கு வீட்டை ஒதுங்க வச்சவங்க எதை எங்க போட்டாங்கன்னே தெரியல. எடுத்துக்குங்கக்கா, இதுக்குப் போய்க் காசு வாங்குவாங்களா."

அவள் ஒரு மேசை விரிப்பை வாங்கி, வட்டத்தை அதில் சுற்றி எடுத்து வந்தாள். முன்னறையைக் கடக்கும்போது பெரியவரின் விரல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வட்டம் விரிப்புக்குள் இருந்ததால் அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முள்ளைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "விளையாட்டுச் சாமான். முள்ளு யார் பக்கம் நிக்குதோ அவங்க பாத்திரம் கழுவணும்." முள் அவர் பக்கம் நின்றது. "இல்ல, விளையாட்டுச் சாமான் இல்ல," என்றார்.

அவர் பாத்திரம் கழுவப் போன நேரத்தில்தான் அது நடந்தது. வட்டத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது மரம் அழகாக இருந்தது. பொட்டுகள்தான் அசிங்கமாகப் பட்டன. ஏதோ குழந்தை, கையில் கிடைத்த சாயத்தையெல்லாம் தொட்டு வைத்திருக்கிறது என்று நினைத்தாள். தாடி சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் கை அதற்குள் புட்டியை எடுத்துவிட்டது. முதல் புட்டிக்கு அசையவில்லை. இரண்டாவதற்கும் அசையவில்லை. பஞ்சை அசிட்டோனில் நனைத்து வைத்ததும் சிவப்பு வழிந்துகொண்டு வந்தது. அடுத்து நீலம், பச்சை. ஒரு கறை அடங்கிப்போவதைப் பார்க்கும் சுகம் தனி. எல்லாம் போன பிறகுதான் நிமிர்ந்து மூச்சை இழுத்தாள்.

நெயில் பாலிஷ்.

இழுப்பறைக்குள் இனித்த வாசனையும் அதுதான். அந்த வீட்டில் குழந்தை ஏது? நெயில் பாலிஷைக் குழந்தை தொட்டிருந்தால் தீற்றியிருக்கும், சிந்தியிருக்கும். இவை ஒவ்வொன்றும் பிரஷைத் திருப்பி, உருட்டி வைத்த சுத்தமான பொட்டுகள். யாரோ பெரியவர்கள், நிதானமாக வைத்தவை.

"என்னங்க, ஒரு தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்," என்றாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "துடைச்சிட்டியா?"

"துடைச்சிட்டேன்."

"தாடிகிட்டச் சொல்லிடாத. நாளைக்குக் கடையை மூடிட்டு உனக்குப் பாடம் எடுக்க வந்துடுவார்."

மறுநாள் சந்தைக்கு அந்த வட்டத்தோடு போனாள். கடிகாரம் பழுது பார்ப்பவர் முள்ளைத் தட்டிப் பார்த்து, அது அசல் கடிகார முள்தான், ஆனால் இந்த வட்டம் ஒருநாளும் கடிகாரமாக இருந்ததில்லை என்றார். பொத்தான் விற்பவள், நூல்கண்டு சுற்றி வைக்கிற பலகை என்றாள். பக்கத்துக் கடைக்காரர், சீட்டாட்டத்தில் புள்ளி குறிப்பது என்றார். எப்படிக் குறிப்பது என்று கேட்டதும் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் மோப்பம் வட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

கடைசியில் தாடியின் கடை. வட்டத்தை நீட்டப் போனவள் அப்படியே நின்றாள். மேசையின் முன்வரிசையில் ஒரு மர ரேடியோ இருந்தது. அதன் குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி.

"அண்ணே, இது எங்க வாங்கினது?"

"நேத்து நீ வந்த வீடுதான். உனக்கு முன்னாடியே போயிட்டேன்."

"புள்ளி இருக்கே."

"இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன், புள்ளி வச்சவன் வரல. வராதவனுக்கு எதுக்கு ரேடியோ? எடுத்துட்டேன். நீ போலீஸா?"

அவள் குமிழை நகத்தால் சுரண்டினாள். கெட்டியாக, வழவழப்பாக இருந்தது. "நெயில் பாலிஷ்," என்றாள்.

"இருக்கட்டுமே."

"அங்க குடுவையில நீலப் புள்ளி இருந்துச்சுண்ணே. குடையில பச்சை. போர்வையில மஞ்சள்."

"நானும் பார்த்தேன். எல்லாத்துக்கும் ஆள் வந்துட்டாங்களேன்னு நினைச்சேன்."

"ஒரே ஆள் வச்சிருந்தா ஒரே நிறமா இருக்கணும். வேற வேற ஆளுன்னா, அத்தனை பேருமா நெயில் பாலிஷோட வந்தாங்க?"

தாடி தாடியைத் தடவினார்.

"நீங்க போனப்ப வேற யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. கதவு திறந்ததும் முதல் ஆளு நான்தான்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். "அப்பவே புள்ளி இருந்துச்சே."

அப்படியானால் அது வாங்க வந்தவர்கள் வைத்த புள்ளியே இல்லை. வீட்டில் இருந்தவர் வைத்தது. மோப்பம் வட்டத்தை மேசை மேல் வைத்தாள். நேற்றுத் துடைத்த பொட்டுகள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், இன்னும் இரண்டு நிறம். அவள் முள்ளில் விரலை வைத்தாள். விரல் வட்டமாகச் சுற்றியது, ஓரிடத்தில் நின்றது. தட்டினாள்.

நாற்காலியின் கைப்பிடி கண்முன் வந்தது.

"அண்ணே, அவர் கேட்டுட்டே இருந்திருக்கார். முள்ளை நீலத்துல வச்சா தண்ணி, சிவப்புல வச்சா ரேடியோ. அந்த அம்மா செஞ்சு கொடுத்திருக்காங்க. நான் அதைக் கொண்டாந்து அசிட்டோன் போட்டுத் துடைச்சிட்டேன்."

தாடி நீண்ட பாடம் எடுக்கவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரேடியோவை எடுத்துத் துணியில் சுற்றினார். "கொண்டு போ. ஓசியில்ல, பார்த்துட்டுத் திருப்பிக் கொடு. நாளைக்கு வண்டி வருதுன்னு அந்தப் பொண்ணு எங்கிட்டயும் சொல்லிச்சு."

வேனில் போகும்போது இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. விற்பனை முடிந்துவிட்டது. குடுவையும் குடையும் போர்வையும் இந்நேரம் யார் வீட்டுக்குப் போயிருக்குமோ. ஆனால் மகள் கதவைத் திறந்ததும் மோப்பத்தின் கண் நேராக உள்ளே போனது. வீடு காலியாகக் கிடந்தது. காலியான அறையின் நடுவே குடுவை, குடை, போர்வை மூன்றும் விலை போகாமல் இருந்தன. ஒவ்வொருவரும் அது இன்னொருவர் புள்ளி வைத்த சாமான் என்று நாகரிகமாக விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புள்ளியை மதிக்காதவர் ஒருவர்தான், அவர் எடுத்த ரேடியோவும் துணிச்சுற்றோடு இதோ வந்துவிட்டது.

"இதை மட்டும் யாரும் தொடலக்கா. ஏன்னே புரியல," என்றாள் மகள்.

மோப்பம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். வட்டம் எதற்கென்று நினைக்கிறாள் என்பதையும், அதைத் துடைத்துவிட்டதையும். மகள் வட்டத்தை வாங்கிப் பார்த்தாள். வெறும் மரமாக இருந்தது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஏங்க்கா?"

"கறைன்னு நினைச்சேம்மா. எனக்கு வேலையே அதுதான். கை நிக்கல."

மகள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வட்டத்தைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்தாள்.

பெரியவர் கீழே பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது. இடது கையை வட்டத்தின் மேல் விரித்து வைத்து, காணாமல் போன பூனை திரும்பி வந்ததுபோல் தடவினார். பிறகு முள்ளைத் தள்ளினார். நிறுத்தினார். தட்டினார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அங்கே பொட்டு இல்லை.

ஆனால் மோப்பம் குனிந்து, வட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். பொட்டு இருந்த இடங்களில் மரம் வெளிறியிருந்தது. வெயில் படாத இடம் கறுக்கவில்லை. முள் நின்றது சரியாக ஒரு வெளிறிய வட்டத்தில்.

"இடம் இருக்கு. நிறம்தான் வேணும். அம்மா நெயில் பாலிஷ் போடுவாங்களா?"

"போடுவாங்களாவா? ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூடக் காய வச்சிட்டுத்தான் போவாங்க." மகள் ஓடிப்போய், குப்பைக்கு ஒதுக்கிய அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே குட்டிப் புட்டிகள் குலுங்கின.

எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று மோப்பத்துக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். டப்பாவைப் பெரியவர் பக்கத்தில் வைத்தார்கள். அவர் புட்டிகளைத் துழாவி, சிவப்பை எடுத்து ஒரு வெளிறிய இடத்தின் மேல் நிறுத்தினார். நீலத்தை அடுத்ததில் நிறுத்தினார். பச்சை, மஞ்சள், ஊதா, வெள்ளி. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. மோப்பம் ஒவ்வொரு புட்டியாகத் திறந்து, பிரஷை உருட்டிப் பொட்டு வைத்தாள். எத்தனையோ வருஷமாகக் கறை எடுத்த கை, முதல் தடவையாகக் கறை வைத்தது. ஊதிக் காய வைத்தாள்.

காய்ந்ததும் பெரியவர் முள்ளை நீலத்துக்குத் தள்ளினார். மகள் நீலப் புள்ளிக் குடுவையைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்தாள். இந்த முறை அவர் தள்ளிவிடவில்லை. முழுவதையும் குடித்தார். மகள் குடுவையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து மஞ்சள். போர்வை போர்த்தினார்கள். அடுத்து சிவப்பு. மோப்பத்தின் கணவர் ரேடியோவைத் துணியிலிருந்து எடுத்து மாட்டினார். ஏதோ ஆட்டத்தின் வர்ணனை கரகரவென்று வந்தது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். பச்சை வெளியே போகத்தான் இருக்கும் என்று அவர்களே குடையைக் காட்டியபோது குடைப்பிடியைத் தட்டிக் கொடுத்தார். எல்லோரும் குழந்தைகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பிறகு முள் ஊதாவுக்குப் போனது.

ஊதாப் புள்ளி எதிலும் இல்லை. மகள் தலையணை கொண்டுவந்தாள். இல்லை. கண்ணாடிக் கூடு, செருப்பு, சீப்பு. இல்லை. அவர் ஊதாவைத் தட்டிக்கொண்டே இருந்தார், தட்டும் வேகம் கூடியது. மோப்பம் சமையலறையில் மிச்சம் இருந்ததையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்து, அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது, இந்த முள் எந்தக் கடிகாரத்திலிருந்து எடுத்தது என்று மகளிடம் கேட்கத் தொடங்கினாள். கேள்வி மேல் கேள்வியாக நீண்டது.

"ஏம்மா, மனுஷன் களைச்சுப் போயிட்டார். வா, கிளம்பலாம். நாளைக்கு யோசிக்கலாம்," என்று கணவர் எழுந்தார்.

அவர் எழுந்த நொடியில் பெரியவர் தட்டுவதை நிறுத்தினார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்லச் சிரித்தது.

மகள் அப்பாவையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "வந்தவங்க ரொம்ப நேரம் பேசினா... அம்மா உடனே வந்து, 'அவருக்குத் தூக்கம் வந்துடுச்சு'ன்னு சொல்லுவாங்க. எப்படித் தெரியும்னு நானே கேட்டிருக்கேன்."

"அப்போ ஊதான்னா..."

"கிளம்புங்கன்னு அர்த்தம்," என்றார் கணவர். "இப்படி ஒண்ணு எனக்கும் செஞ்சு கொடு."

அவர்கள் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனபோது பின்னால் மறுபடியும் தட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை மெதுவாக. முள் வெள்ளியில் நின்றது. பெரியவர் மகளைப் பார்த்தார்.

"என்னப்பா? இது என்ன?"

அவர் மகளையே பார்த்தார். அவளுக்குப் புரியவில்லை. முகத்தில் பழைய பயம் திரும்பி வந்தது. மோப்பம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே மிஞ்சியிருந்ததில் இன்னும் பார்க்காதது ஒன்றுதான்: மூலையில், தரையில் வைத்திருந்த தொலைபேசி. மறுநாள் அந்த இணைப்பையும் துண்டிப்பதாக இருந்தார்கள். அவள் போய், பழக்கப்படி, ரிசீவரை எடுத்துத் திருப்பினாள். புள்ளி ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்தாள். உள்பக்கம், விரல் படும் இடத்தில், ஒரு பள்ளத்தில் மட்டும் துளி வெள்ளி மினுங்கியது. மற்றதெல்லாம் தொட்டுத் தொட்டுத் தேய்ந்து போயிருந்தது.

"இந்த வீட்டுல இதைத்தான் அதிகமாக் கேட்டிருக்கார்," என்றாள். "யார்கூடப் பேசுவார்?"

மகள் சுவரில் சாய்ந்தாள்.

"அம்மா போன் பண்ணி, 'அப்பா உன்கிட்டப் பேசணுங்கிறார்'ம்பாங்க. பேச முடியாத மனுஷன் எப்படிக் கேட்பார்? என்னைப் பேச வைக்க அம்மா பொய் சொல்றாங்கன்னு நினைச்சேன். போனை அவர் காதுல வைப்பாங்க. மூச்சு மட்டும் கேட்கும். ரெண்டு வார்த்தை பேசிட்டு, வேலை இருக்குன்னு வச்சிடுவேன்."

"நீங்க இப்பப் பக்கத்துலயே இருக்கீங்களேம்மா," என்றார் மோப்பத்தின் கணவர்.

"இருக்கேன். ஆனா வந்ததுலேர்ந்து, என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டுட்டேதான் இருக்கேன். பேசவே இல்ல."

அவள் தொலைபேசியைத் தூக்கி அப்பாவின் மடியில், வட்டத்தின் பக்கத்தில் வைத்தாள். தன் செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் மணி அடித்தது. பெரியவர் இடது கையால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, நான்தான்," என்று கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "நல்லா இருக்கேன்ப்பா. இல்ல, இன்னிக்கு வேலை ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல உங்களுக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கேன். காலைல நல்லா வெயில் வரும். நாளைக்கு அந்த வண்டி வராது, வேண்டாம்னு சொல்லிடுறேன். வர்றப்ப அந்த வட்டத்தை மறந்துடாதீங்க, சரியா?"

பெரியவர் மூச்சு விட்டார். கேட்டுக்கொண்டிருந்தார்.

முள்ளை ஊதாவுக்குத் தள்ள வேண்டிய தேவை இல்லாமல், மோப்பமும் கணவரும் சத்தம் போடாமல் வெளியே வந்தார்கள். ரேடியோ உள்ளேயே கரகரத்துக்கொண்டிருந்தது.

"தாடிக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் கணவர் வேனைக் கிளப்பிக்கொண்டே.

"புள்ளி வச்ச சாமான், சொந்தக்காரர் வந்து எடுத்துக்கிட்டார்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகத்தில் கொஞ்சம் ஊதாவும் கொஞ்சம் வெள்ளியும் ஒட்டியிருந்தன. வீட்டில் அசிட்டோன் இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.